மணிக் கோடு இல்லாத நோட்டு

தலைவலிக்கு இப்போது கைபேசியில் ஒரு செயலி வந்திருக்கிறது. நான் முப்பத்தொரு வருஷம் நர்சாக இருந்த ஆஸ்பத்திரியிலேயே அதை நோயாளிகளுக்கு ஏற்றிக் கொடுக்கிறார்கள். தலைவலி வந்தால் தொட வேண்டும், உடனே ஒரு பட்டியல் விரியும். வெயில், உறக்கக் குறைவு, மன அழுத்தம், மாதவிலக்கு, பாலாடைக்கட்டி என்று இருபது காரணங்களுக்கு மேல் இருக்கின்றன. பிடித்ததைத் தொட்டுவிட்டுப் போகலாம். எங்கள் ஊர்க் கருங்கல் சந்தையில் பாலாடைக்கட்டி வாங்கித் தின்று யார் தலைவலியை வரவழைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சக்கைப்பழம் என்று நாங்கள் சொல்கிற பலாப்பழம் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது அங்கே இருக்கிற ஜெஸ்லின் சிஸ்டர் போன வாரம் கூப்பிட்டாள். "சிஸ்டர், நீங்கதானே தலைவலி ஓ.பி.யில அத்தனை காலம் இருந்தது. நம்ம ஆளுவளுக்கு எந்தக் காரணம் கூடுதல்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க. புதுசா வந்த பிள்ளையளுக்கு வாசிக்கக் குடுக்கணும்" என்றாள். ஒரு பக்கம்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கிப் பேசவும் தெரியாது, சுருக்கி எழுதவும் தெரியாது. அதோடு காரணங்களை வரிசைப்படுத்தலாம் என்று உட்கார்ந்தால் நான் செய்த ஒரு பிழைதான் முதலில் வந்து நிற்கிறது. அந்தப் பிழையால் ஒரு புருஷனும் பெண்சாதியும் பிரிய இருந்தார்கள். பிரியவில்லை. அதனால்தான் இதை எழுத எனக்குக் கை வருகிறது.

என் பெயர் ஸ்டெல்லாபாய். படித்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுருக்கமே விழாமல் படுக்கை விரிக்கவும், பதில் பேசாமல் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டோம். பிறகு பதினோரு வருஷம் பிரசவ வார்டு. அங்கே எல்லாமே சத்தம். அதிலிருந்து என்னை டாக்டர் ஐசக்கின் தலைவலி ஓ.பி.க்கு மாற்றியபோது, ஓய்வெடுக்க அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன்.

செவ்வாயும் வியாழனும் அந்த ஓ.பி. டாக்டர் அறையில் டியூப்லைட் எரியாது. ஜன்னலுக்குப் பச்சைத் துணி கட்டியிருக்கும். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தையே, "சிஸ்டர், நாளையிலிருந்து பவுடர் வேண்டாம், வாசனை எண்ணெயும் வேண்டாம்" என்பதுதான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பவுடர் போடாமல் வீட்டைவிட்டு இறங்கிய ஓர்மையே எனக்கு இல்லை. வந்து உட்கார்ந்த முதல் நோயாளி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தேய்த்திருந்த தைலத்தின் மணம் தாங்காமல் எழுந்து ஓடி வாந்தியெடுத்தபோதுதான் அவர் சொன்னது புரிந்தது.

அவருக்கு ஒரு முறை உண்டு. எத்தனை பேர் வெளியே காத்திருந்தாலும் அதிலிருந்து பிசக மாட்டார். முதலில் நின்றபடியே ஐந்து கேள்விகள் கேட்பார். இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் வந்த வலியா? காய்ச்சல் உண்டா? கழுத்தை முன்னால் மடக்க முடியவில்லையா? கை கால் பலம் குறைந்ததா? பேச்சு குழறியதா, பார்வை போனதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பேச்சே கிடையாது, ஸ்கேனுக்கு வண்டி வந்துவிடும். ஐந்துக்கும் இல்லை என்ற பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

உட்கார்ந்தபின் "எதனால வருது?" என்று ஒருநாளும் கேட்க மாட்டார். "நேத்து வலி எத்தனை மணிக்குத் தொடங்கிச்சு? அதுக்கு ஒரு மணிக்கூர் முந்தி எங்க இருந்தீங்க? அதுக்கும் ஒரு மணிக்கூர் முந்தி?" என்று பின்னாலேயே போவார். முந்தின நாள் இரவு படுத்த நேரம் வரைக்கும் போவார். நடுவில் நான் உதவி செய்வதாக நினைத்து, "வெயில்ல நின்னியளா?" என்று எடுத்துக் கொடுத்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நோயாளி போனபிறகு மெதுவாகச் சொல்வார். "வாயில வார்த்தையை வச்சுக் குடுக்காதீங்க சிஸ்டர். நாம குடுத்ததைத்தான் அவங்க திருப்பித் தருவாங்க."

நம் ஜனங்கள் சும்மாவே காரணத்தைக் கையோடு கொண்டுவருகிறவர்கள். மரச்சீனி தின்றேன், நெத்தோலி தின்றேன், ஈரத் தலையோடு கோயிலுக்குப் போனேன், மைத்துனி வீட்டுக்கு வந்துவிட்டுப் போனாள், கண்ணாடி மாற்றவில்லை என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாவற்றையும் டாக்டர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவருக்கே மாதம் ஒரு தடவை சென்னிக்குத்து வரும். நெற்றிப்பொட்டில் ஒரு பக்கமாகக் குத்துகிற வலிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அப்படியான நாளில் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் நோயாளியைப் பார்ப்பார். "பிறவியிலேயே சிலருக்கு மூளை கொஞ்சம் கூச்சப்படும் சிஸ்டர். அம்மை அப்பன் வழியா வாறது. அதை மாத்த முடியாது. மத்ததெல்லாம் வாளியில விழுற தண்ணி. நிறைஞ்சாத்தான் வழியும். கடைசிச் சொட்டை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது" என்பார்.

கடியப்பட்டணத்திலிருந்து அந்தோணி என்று ஒரு மீன்பிடிக்கிறவர் வந்தார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்டையிடி. அன்றைக்கு அவர்கள் கடலுக்குப் போவதில்லை. கோயிலில் போடுகிற சாம்பிராணிதான் காரணம் என்று அவரும், பூசைக்கு வராமல் இருக்கப் போடுகிற வேஷம் என்று அவர் மனைவியும் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். டாக்டர் மணிக்கணக்கில் பின்னால் போனார். மற்ற நாளெல்லாம் மூன்று மணிக்கு எழும்பி பால் விடாத ஒரு கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டுக் கடலில் இறங்குகிற ஆள், ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை உறங்குகிறார். எழும்பி நேரே பூசைக்குப் போகிறார். பூசை முடியும் வரை வாயில் பச்சைத் தண்ணீர் கிடையாது, கட்டஞ்சாயாவும் கிடையாது. "ஞாயித்துக்கிழமையும் மூணு மணிக்கு எழும்பணுமா டாக்டரே?" என்று பரிதாபமாகக் கேட்டார். "அஞ்சுக்கு எழும்புங்க. சாயா குடிங்க. பிறகு வேணும்னா மறுபடி படுங்க" என்றார் டாக்டர். இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி தனியாக வந்து, "இப்ப மண்டையிடி இல்ல. ஆனா பூசையில குறட்டை விடுதாரு" என்று புகார் சொல்லிவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பார்த்த பிறகும்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

நோயாளிகளுக்கு டாக்டர் ஒரு நோட்டுக் கொடுப்பார். அதில் கோடு போடுவது என் வேலை. ஸ்கேலும் பென்சிலும் வைத்து ஆறு கட்டம் போடுவேன். முதல் கட்டத்துக்குத் தலைப்பு 'மணி'. பிறகு உணவு, உறக்கம், வேலை, வலி, மருந்து. இந்த மணிக் கட்டத்தை மட்டும் யாரும் ஒழுங்காக எழுத மாட்டார்கள். "மணியெல்லாம் ஆருக்கு ஓர்மை சிஸ்டரே" என்று காலியாகவே கொண்டுவருவார்கள். பக்கத்துக்குப் பக்கம் அது வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டருக்கு ஒரு ஆப்பரேஷன் நடந்தது. ஆறு வாரம் அவர் வரவில்லை. பதிலுக்கு வந்த டாக்டர் இளவயது. ஐந்து கேள்வியையும் ஒழுங்காகக் கேட்பார், மாத்திரை எழுதுவார். மற்றதைச் சிஸ்டரிடம் பேசுங்கள் என்று என் பக்கம் தள்ளிவிடுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆறு வாரமும் அந்த ஓ.பி.க்கு நானே டாக்டர் என்கிற நினைப்பு. முதல் வேலையாக நோட்டிலிருந்து மணிக் கட்டத்தை எடுத்தேன். காலை, மதியம், இரவு என்று அழகாக மூன்று கட்டம் போட்டேன். எல்லாரும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் திரும்பி வந்ததும் காட்டிப் பாராட்டு வாங்க வேண்டும் என்று இரண்டு நோட்டை எடுத்தும் வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஷைனி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கூட வந்தது மாமியார் ரெத்தினபாய். கண்ணைத் திறக்க முடியாமல் சேலைத் தலைப்பை நெற்றியில் இறுக்கக் கட்டியிருந்தாள் பிள்ளை. புருஷன் பினு வளைகுடாவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இருந்தான். வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு. அவன் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, அதற்குள் ஆறு தடவை வலி வந்துவிட்டது. போன லீவுக்கும் இப்படித்தான் என்றாள்.

"அவிய இல்லாதப்ப வராதா மக்களே?" என்று கேட்டேன். ஒற்றைப் பிள்ளையையும் நாங்கள் மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.

"வராது சிஸ்டர். இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு ஒருக்க வந்துது."

"அது உபவாசம். அன்னைக்கு எல்லாருக்கும்தான் தலை வலிக்கும்" என்று தள்ளிவிட்டு, நான் பெரிய துப்புத் துலக்கியவள்போல அடுத்த கேள்வியைக் கேட்டேன். "அப்ப மாப்பிள்ளை வந்தாத்தான் வருது, இல்லியா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். வலியில் யோசிக்கத் தெம்பில்லாமல் தலையை ஆட்டினாள். நான் கேஸ் சீட்டில் 'கணவர் விடுப்பில் வரும்போது மட்டும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "இது மருந்துல தீருற காரியம்போலத் தெரியலையே" என்று சிரித்தேன். தமாஷாகத்தான் சொன்னேன். ரெத்தினபாய் சிரிக்கவில்லை. நான் போட்ட அடிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டைக் கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ஷைனி தனியாக வந்தாள். அன்றைக்கு வலி இல்லை, ஆனாலும் கண் இரண்டும் வீங்கியிருந்தது. நோட்டை நீட்டினாள். ஒரு கட்டம் பாக்கியில்லாமல் எழுதியிருந்தாள். காலை: புட்டு, பயறு, ஏத்தம்பழம். காலை: இட்லி நாலு. தினமும் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள். வலி மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்திருக்கிறது.

"சிஸ்டர், இனி இது வேண்டாம். அவிய லீவை முறிச்சிட்டுச் சனியாழ்ச்ச போறாங்க. ரெண்டு வருஷத்துக்கு வரமாட்டாங்களாம். என்னையும் பிள்ளையையும் எங்க அம்மை வீட்டுல கொண்டு விடணும்னு பேச்சு" என்றாள்.

"ஏன் மக்களே?"

"ஆஸ்பத்திரியிலேயே எழுதிட்டாங்க, நீ வந்தாத்தான் அவளுக்கு மண்டையிடினு மாமி சொல்லியாச்சு. உனக்கு என்னைக் கண்டா புடிக்கலியான்னு அவிய கேக்காங்க. நான் என்ன சொல்லட்டு? அவிய வாறதுக்கு நான் மாசத்தை எண்ணிக்கிட்டு இருக்கியவ சிஸ்டர்."

அவளை உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் வேலைக்குத் திரும்பி இரண்டாம் நாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்ட கேள்வி, போட்ட அடிக்கோடு, அடித்த தமாஷ், எடுத்த கட்டம் எதையும் விடவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை புரட்டினார்.

"நல்லா எழுதுற பொண்ணு. இவகிட்ட மணியைக் கேட்டிருந்தா எழுதியிருப்பா" என்றார். அவ்வளவுதான். பிறகு, "வியாழக்கிழமை புருஷனையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. நீங்களே போன் பண்ணுங்க" என்றார்.

போன் செய்தேன். எடுத்ததும், "எனக்குத் தலைவலி இல்ல சிஸ்டர், நான் எதுக்கு வரணும்?" என்றான் பினு. எழுதியது நான்தான், அதில் தவறு இருக்கிறது, வந்து கேட்டுவிட்டு என்னைத் திட்டிவிட்டுப் போங்கள் என்றேன். சரி, வருகிறேன் என்றான்.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு இருவரும் வந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அவன் நல்ல உயரம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. டாக்டர் வாய் திறக்கும் முன்பே தொடங்கிவிட்டான்.

"டாக்டரே, ஸ்ப்ரே மணம் ஆவாதுன்னு இவ சொன்னா. அதை விட்டேன். சிகரெட்டையும் விட்டேன். இனி விடுறதுக்கு நான் மட்டும்தான் பாக்கி. அதையும் உங்க சிஸ்டர் எழுதிட்டாங்க. நான் வாறதுதான் காரணம், இல்லியா?"

"ஆமா. சிஸ்டர் சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார் டாக்டர்.

ஷைனி குனிந்துவிட்டாள்.

"ஆனா பாதிதான் எழுதியிருக்காங்க. மீதியை நாம எழுதுவோம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஷைனி பக்கம் திரும்பினார். "கடைசியா எப்ப வலிச்சது?"

"திங்களாழ்ச்ச டாக்டர்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணி இருக்கும்."

"ஒன்பதுக்கு என்ன செய்துகிட்டு இருந்தீங்க?"

"தேங்கா திருவினேன். எட்டுக்குத் துணி அலக்கினேன். ஏழுக்குப் பிள்ளைக்குக் குடுத்து ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டேன். நாலரைக்கு எழும்பினேன்."

"முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க?"

அவள் காது சிவந்துவிட்டது. "ஒரு மணி ஆவும் டாக்டர். அவிய அங்க ராத்திரி வேலை. இங்க வந்தாலும் உறக்கம் வராது. பேசிக்கிட்டு இருப்போம். வருஷத்துல ரெண்டு மாசம்தானே பேசுறதுக்கு" என்றாள். பினு ஜன்னலில் இருந்த பச்சைத் துணியைப் பார்த்தான்.

"சரி. அன்னைக்குக் காலையில புட்டுன்னு எழுதியிருக்கு. எப்ப சாப்பிட்டீங்க?"

"அவிய எழும்பின பிறகு."

"அவர் எப்ப எழும்புவார்?"

"பத்தரை, பதினொண்ணு" என்று இந்தத் தடவை பினுவே சொன்னான்.

டாக்டர் அவன் பக்கம் திரும்பவில்லை. "பிள்ளைக்கு ஏழுக்குக் குடுத்தீங்களே, அப்ப நீங்க சாப்பிடலியா?"

ஷைனிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அவிய வீட்டுல இருக்கும்போது நான் எப்பிடி டாக்டர் அவியளுக்கு முந்தித் தின்னுவேன்?" என்றாள். "ஒரு கட்டஞ்சாயா குடிப்பேன்."

"அவர் ஊர்ல இல்லாத நாளு?"

"ஏழுக்குப் பிள்ளைகூட நானும் தின்னுவேன்."

"பெரிய வெள்ளிக்கிழமை?"

"அன்னைக்கு மூணு மணிவரை ஒண்ணும் கிடையாது."

நாலரை மணிக்கு எழும்பி, நாலு மணிநேரம்கூட ஒழுங்காக உறங்காமல், வெறும் வயிற்றோடு ஆறு மணிநேரம் வேலை செய்கிறாள். அதுவும் புருஷன் வீட்டில் இருக்கிற நாளில் மட்டும். புட்டை அவித்து மூடி வைத்துவிட்டு அவன் எழும்பக் காத்திருக்கிறாள். என் நோட்டில் 'காலை: புட்டு' என்று ஒழுங்காக இருக்கிறது. பத்தரை பதினொன்றும் காலைதானே.

எனக்கு அது தோன்றாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நான் இருபத்திரண்டு வயதிலிருந்து டியூட்டிக்காரி. ஆறரை பஸ்சைப் பிடிக்க வேண்டியவள் புருஷனுக்காகக் காத்திருந்து சாப்பிட முடியுமா? என் வீட்டுக்காரர் எழும்பும்போது என் தட்டு கழுவி உலர்ந்திருக்கும். காத்திருக்கிற வழக்கத்தை ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டே, அதை ஒரு காரணமாக நினைக்க எனக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டிலும் யாரும் அதைச் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

"தம்பி, இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்லமாட்டேன்" என்று டாக்டர் இப்போதுதான் பினுவைப் பார்த்தார். "உறக்கம் இருக்கு, வெயில்ல விருந்துக்குப் போற அலைச்சல் இருக்கு, உங்க ஸ்ப்ரேயும்கூட இருக்கலாம். அவங்களுக்கு இந்த நோய்க்கான உடம்பு. பட்டினி கிடந்தா இன்னும் சீக்கிரம் வரும். நீங்க வந்தா தலைவலி வருதுங்கிறது உண்மை. உங்களைப் பிடிக்காம வரல. உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்து வருது."

பினு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பத்து நாற்பது. பிறகு பெண்சாதியைப் பார்த்தான். அவள் இடது நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு நீ வல்லதும் ஒரு வாய் தின்னியா?"

"நீங்க கோவத்துல ஒண்ணும் வேண்டாம்னுட்டு எறங்கிட்டீங்க" என்றாள் அவள்.

அவன் எழுந்தான். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார், அவருக்கு மரியாதைக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே என்னைப் பார்த்துத் திரும்பினான். வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாராக நின்றேன்.

"சிஸ்டர், இங்க கேன்டீன்ல என்ன கிடைக்கும்?"

"ஆப்பம் தீர்ந்திருக்கும். தோசை உண்டு" என்றேன்.

அவளைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனான். கதவு சாத்தியதும் நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் முன்னால் நான் உட்கார்ந்ததும் அன்றுதான் முதல் தடவை, அழுததும் அன்றுதான். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. அவர் சீட்டை எழுதி முடித்து என் பக்கம் நகர்த்தினார். "சிஸ்டர், அந்தக் கேஸ் சீட்டுல மணியை எழுதிருங்க" என்றார்.

எழுதினேன். என் அடிக்கோட்டை அழிக்கவில்லை. அதன் கீழேயே, 'காலை 4.30 முதல் 10.40 வரை உணவில்லை. கணவருக்காகக் காத்திருத்தல்' என்று எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போய் ரெத்தினபாயைப் பார்த்தேன். அன்றைக்கு நான் சிரித்தது தவறு, எழுதியதும் அரைகுறை என்று சொன்னேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. எனக்கு ஒரு தம்ளர் சாயா வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "நானும் அவன் அப்பனுக்காவ அப்பிடித்தான் இருப்பேன் சிஸ்டரே. அவரு சந்தைக்குப் போயிட்டுப் பன்னெண்டுக்கு வருவாரு. எனக்கும் இதே மண்டையிடி உண்டும். அவரு சாவுற வரைக்கும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தைலத்தைத் தேச்சிக்கிட்டுக் கிடந்தேன்" என்றார். பிறகு, "இந்தப் பிள்ளைக்காவது தெரிஞ்சுதே" என்றார். அடுப்பங்கரையிலிருந்து ஷைனி சிரிக்கிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை போகவேண்டியவன் வாசலில் மகளின் சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

ஷைனிக்குத் தலைவலி அடியோடு போய்விட்டது என்று சொன்னால் டாக்டர் ஐசக் எங்கிருந்தாலும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். போகவில்லை. மீதி இருந்த லீவில் இரண்டு தடவை வந்தது. ஒன்று மாதவிலக்குக்கு முந்தின நாள், மற்றது ஒரு கல்யாண வீட்டு வெயிலில். இரண்டும் ஒரு மாத்திரையில் அடங்கியது.

அவன் லீவு முடிந்து போனபிறகு அவள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நான் அழகாகப் போட்ட மூன்று கட்டத்துக்கு இடதுபக்கம், ஓரத்தில், நீலப் பேனாவால் கோணலாக ஒரு கோடு இழுத்திருந்தது. மேலே 'மணி' என்று ஆண்பிள்ளைக் கையெழுத்து. "அவிய போட்டது" என்றாள். ஒவ்வொரு நாளும் அதில் அவன் எழுதியிருந்தான். 7.10, ரெண்டு பேரும். 7.00, ரெண்டு பேரும். ஒருநாள் மட்டும் 7.40, நான் எழும்பப் பிந்திட்டேன், அவ தின்னாச்சு.

புரட்டிக்கொண்டே போனேன். அவன் விமானம் ஏறிய தேதிக்கு அப்புறம் நோட்டு வெறுமையாக இருக்க வேண்டும். இல்லை. இனி வரப்போகிற நாட்களுக்கும், கடைசி அட்டை வரைக்கும், ஒரு பக்கம் விடாமல் அந்தக் கோணல் கோட்டுக்குள் அவன் 7.00 என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஜெஸ்லின், உன் பட்டியலில் எந்தக் காரணம் கூடுதல் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. செயலியில் மணியை அதுவே எழுதிக்கொள்ளும் என்றாய், நல்லது. யாருக்காகவாவது சாப்பிடாமல் காத்திருந்தீர்களா என்று ஒரு கேள்வியையும் சேர்க்கச் சொல். அதைக் கேட்கும்போது பக்கத்தில் மாமியார் நிற்கிறாரா என்று பார்த்துக்கொள்.